அமெரிக்க மாதிரி வண்டிக் கலையில் டெலிவரி வண்டியின் இடம்

அமெரிக்க நகரங்களில் 1920களிலும் 1930களிலும் ரொட்டி, பால், பனிக்கட்டி, சலவைத் துணி ஆகியவற்றை வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்த சிறு சரக்கு வண்டிகள், தம் உழைப்புக் காலம் முடிந்த பின் முதலில் ஹாட் ராட் வண்டிகளாகவும், பிறகு இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரிகளாகவும் புது வாழ்வு பெற்றன. பழைய, மலிவான காரை வாங்கி, அதன் எடையைக் குறைத்து, எஞ்சினின் வலுவைக் கூட்டி, தோற்றத்தையும் தன் விருப்பப்படி உரிமையாளரே மாற்றியமைத்த வண்டியே ஹாட் ராட் எனப்படுகிறது. மாதிரி வண்டி இதன் சிறு நகல் மட்டுமே என்று கருதுவோர் பலர் உண்டு. எனினும் இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பலவற்றிலிருந்து பாகங்களை எடுத்து ஒன்றை உருவாக்கும் அதே கைத்தொழில் இரு வேறு அளவுகளில் நடந்திருப்பது புலனாகிறது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான போர்டு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மீது, வெளிப் பட்டறைகள் தத்தம் ஊர் வணிகர்களின் தேவைக்கேற்ப மரத்தாலும் தகட்டாலும் பாடி கட்டிக் கொடுத்தன. அவற்றுள் ஒரு வகை, ஓட்டுநர் அடிக்கடி இறங்கி ஏற வசதியாகக் கண்ணாடி பொருத்திய கதவு ஏதும் இன்றி, பக்கவாட்டில் சி என்னும் ஆங்கில எழுத்தைப் போல வளைந்த திறப்பைக் கொண்டிருந்ததால் சி-கேப் என்று பெயர் பெற்றது. பின்னர் வந்த செடான் டெலிவரி என்பது, முன்பாதியில் பயணிகள் காராகவும், பின்பாதியில் சன்னலற்ற தகட்டுப் பெட்டியாகவும் அமைந்த வண்டியாகும். கடையின் பெயரை எழுதுவதற்கென்றே அமைந்ததுபோல் அகன்று கிடந்த அந்தப் பக்கத் தகடு வணிகருக்கு விளம்பரப் பலகையாகப் பயன்பட்டது. 1932ஆம் ஆண்டின் போர்டு செடான் டெலிவரி சுமார் 400 மட்டுமே தயாரானதால், அந்த வகையில் அசல் வண்டி கிடைப்பது இன்றுவரை அரிதாகவே உள்ளது.

அதே 1932இல் போர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினைச் சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் தந்தது ஹாட் ராட் இயக்கத்துக்குப் பெரும் உந்துதலாயிற்று. தென் கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் வேகப் போட்டி நடத்தினர். 1937இல் அவர்களுடைய மன்றங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. போருக்குப் பின் 1948 சனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் வெளிவரத் தொடங்கியதும் இக்கலை நாடெங்கும் பரவியது. வேகத்துக்கு ஏற்றவை எடை குறைந்த திறந்த கார்களே என்பதால் தொடக்கத்தில் சரக்கு வண்டிகள் பின்தங்கியிருந்தன. அழகுக்கான கண்காட்சிகள் பெருகிய 1950களில்தான் நிலைமை மாறியது. ஜார்ஜ் பாரிஸின் பட்டறையில் 1929ஆம் ஆண்டு போர்டு பிக்கப்பிலிருந்து உருவான ‘ஆலா கார்ட்’, ஓக்லாந்து கண்காட்சியின் மிக அழகிய ரோட்ஸ்டர் விருதை 1958இலும் 1959இலும் அடுத்தடுத்து வென்றபோது, சரக்குச் சுமந்த வண்டிக்கும் கலைமதிப்பு உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

இதே காலத்தில் மாதிரித் தொழிலிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், புதிய கார்களின் சிறு மாதிரிகளை விற்பனையகங்களுக்காகச் செய்துவந்தது. விளம்பரத்துக்காக வழங்கப்பட்ட அந்தப் பழைய மாதிரிகள் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால் காலப்போக்கில் கோணலாக வளைந்தன. அளவு மாறாத பாலிஸ்டைரீன் அந்தக் குறையைப் போக்கியது. 1958இல் ஏஎம்டி அந்தப் பொருளில், ஒரே பெட்டிக்குள் அசல் வடிவம், மாற்றியமைத்த வடிவம், பந்தய வடிவம் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய பாகங்களை வைத்து, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும் கிட் தொகுப்புகளை விற்கத் தொடங்கியது. இம்மாற்றத்தின் விளைவு பெரிது. வாங்கியவர் மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும் என்பதால், பயன்படாத சக்கரங்களும் எஞ்சின் உறுப்புகளும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டே போயின. அசல் ஹாட் ராட் கட்டியவருக்குப் பழைய கார்க் கிடங்கு எதைக் கொடுத்ததோ, அதையே மாதிரி கட்டியவருக்கு இந்த உதிரிப் பெட்டி கொடுத்தது. பல கிட்களின் பாகங்களைக் கலந்து கம்பெனி விற்காத ஒரு வண்டியைப் படைக்கும் வழக்கம் இதிலிருந்தே வேரூன்றியது.

அந்தப் படைப்பின் நுட்பங்களுள் முதலிடம் பெறுவது கூரையைத் தாழ்த்துதல். அசலில் நான்கு அங்குலம் தாழ்த்தப்படும் கூரை, இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியில் நான்கு மில்லிமீட்டர் அளவே இறங்கும். போர்டு மாடல் ஏ காலத்து வண்டிகளின் தூண்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், வெட்டிய பின் மேற்பகுதி நேராக இறங்கி அமர்ந்துவிடும். பின்னாள் கார்களில் தூண்கள் உள்நோக்கிச் சாய்வதால் மேலும் கீழும் பொருந்தாமல் கூரையையே பிளந்து அகலமாக்க வேண்டியிருக்கும். டெலிவரி வண்டியில் தூண் எளிது, பக்கத் தகடுதான் கடினம். சன்னலற்ற நீண்ட பரப்பு முழுவதையும் மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்து மீண்டும் ஒட்டும்போது, இணைப்புக்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறது. அதன் மேல் பூசிய பட்டி உலர்ந்து சுருங்கப் பல நாள் ஆகும் என்பதால், பொறுமையின்றி உப்புத்தாள் தேய்த்து வண்ணம் அடித்தவரின் வண்டியில் சில மாதங்கள் கழித்து அந்தக் கோடு பளபளப்புக்குக் கீழிருந்து மறுபடி தலைகாட்டும். பளிங்குபோன்ற பக்கத் தகடுள்ள ஒரு டெலிவரி மாதிரி, ஆயிரம் உறுப்புகள் ஒட்டிய மற்றொன்றைவிட உயர்ந்த கைத்திறனுக்குச் சான்று என்று சொல்வது மிகையாகாது.

பாடியை அடிச்சட்டத்தின் மேல் வைக்காமல், தரையை வெட்டி உயர்த்தி, சட்டத்தைச் சுற்றிக் கீழே இறக்குவது மற்றொரு நுட்பம். சட்டத்தின் பின்பகுதியைப் படிபோல மடித்து ஒட்டி வண்டியின் வாலைத் தாழ்த்துவது இன்னொன்று. எல்லாவற்றிலும் அளவு விகிதமே கண்டிப்பான நடுவர். ஒரு மில்லிமீட்டர் தடித்த பிளாஸ்டிக் சுவர், அசலில் 25 மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமமாகிவிடுவதால், கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை அரத்தால் உட்புறமிருந்து மெலிதாக்க வேண்டும். 1950களில் ஜோ பெய்லன் புகழ்பெறச் செய்த கேண்டி வண்ணம், வெள்ளி அல்லது பொன் அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றுவதாதலால் மாதிரியிலும் அப்படியே பலித்தது. மினுக்குத் துகள் கலந்த வண்ணமோ, துகளின் அளவை இருபத்தைந்து மடங்கு சுருக்க முடியாததால், சிறு வண்டியின் மேல் சரளைக்கல் தூவியதாகத் தோன்றிற்று.

சரக்கு வண்டியை இக்கலையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் டாம் டேனியல். ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்து, ‘ராட் அண்ட் கஸ்டம்’ இதழில் கற்பனை வண்டிகளை வரைந்துவந்த அவர், மோனோகிராம் நிறுவனத்துக்காக, பழைய மேக் புல்டாக் லாரியின் முகத்தோடு பீப்பாய்கள் சுமக்கும் ‘பீர் வேகன்’ கிட்டை 1967இல் வடிவமைத்தார். அடுத்த ஆண்டு சி-கேப் வடிவிலான காவல்துறைக் கைதி வண்டியாகிய ‘பேடி வேகன்’ வந்தது. இவ்வண்டிகளுக்கு அசல் எதுவும் இருந்ததில்லை. அவர் வடிவமைத்த ‘ரெட் பாரன்’ சிறு கிட்டாக வெளிவந்த பிறகே, சக் மில்லர் டெட்ராய்டில் அதை முழு அளவுக் காராகக் கட்டினார். அசல் வண்டியிலிருந்து ‘ஆலா கார்ட்’ கிட் பிறந்தது ஒரு திசை என்றால், கிட்டிலிருந்து கார் பிறந்தது எதிர்த்திசை. பத்தாண்டுகளுக்குள் மாதிரிக் கலை மூலத்துக்கே மூலமாகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

1970களில் இளைஞர் ஆர்வம் வேறு பொழுதுபோக்குகளுக்குத் திரும்ப, சிறுவயதில் கிட் கட்டியவர்களே பெரியவர்களாகி இக்கலையைத் தொடர்ந்தனர். 1979இல் தோன்றிய ‘ஸ்கேல் ஆட்டோ என்தூசியஸ்ட்’ போன்ற இதழ்கள் அவர்களுக்காகவே நடந்தன. பெரிய நிறுவனங்கள் அச்சு வார்க்கத் துணியாத அரிய டெலிவரி வடிவங்களை, சிலிக்கோன் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றி வீட்டுப் பட்டறைகளிலேயே வார்த்துச் சிலர் விற்றதால், கிட்டில் கிடைக்காத பாடிகளும் கட்டுவோர் கைக்கு எட்டின. எஞ்சியிருந்த தடை பக்கத் தகட்டில் கடையின் பெயரை எழுதுவதாகும். தூரிகையால் அவ்வளவு சிறிதாக எழுதுவது பலருக்கும் இயலாததால், நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் எழுத்துகளை அச்சிடும் முறை பரவியது. ஆனால் சாதாரண அச்சுப்பொறிகள் வெண்மையை அச்சிடாத காரணத்தால், அடர்நிற வண்டியில் வெள்ளை எழுத்து வேண்டியவர்கள், வெண்மையையும் உலோக நிறங்களையும் அச்சிடவல்ல ஆல்ப்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறிகளை, அவற்றின் உற்பத்தி நின்ற பிறகும் பழுதுபார்த்துப் பயன்படுத்தினர்.