மூசைக்குத் தப்பிய பூ

கட்டக் நகரத்தில், மகாநதிக்கும் காட்டஜோடி ஆற்றுக்கும் நடுவே உள்ள பட்டறைகளில்தான் வெள்ளிப் பூ வேலைக்கான கம்பி பிறக்கிறது. மூசையில் உருக்கிச் சிறு கோலாக வார்த்த வெள்ளி. அதை அடித்து நீட்டி, வரவரச் சிறுத்துப்போகும் எஃகுத் தகட்டுத் துளைகள் வழியே ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க வெள்ளி இறுகும். அவ்வப்போது காய்ச்சி இளக்காவிட்டால் அறுந்துவிடும். ஒடியாவில் இந்தக் கலையின் பெயர் தாரகசி. தார் என்றால் கம்பி.

மெலிந்த இழைகள் இரண்டை முறுக்கித் தட்டையாக நசுக்குகிறார்கள். விளிம்பு முழுக்க மணி மணியாக எழும்பும். தாரகசியின் மினுமினுப்பெல்லாம் அந்த விளிம்பில்தான். வெறும் கம்பியை வளைத்தால் அது வராது. தடித்த கம்பியில் பூவின் வெளிக்கோடு போட்டு, உள்ளே இந்த இழையைச் சாமணத்தால் சுருட்டிச் சுருட்டி நெருக்கமாக அடுக்குவார்கள். வெங்காரமும் பற்றாசுப் பொடியும் தூவி, ஊதுகுழலால் தீயைப் பாய்ச்சும் சில நொடிகள்தான் கண்டம். பொடி உருக வேண்டும், இழை உருகக் கூடாது. ஒரு மூச்சு கூடிப்போனால் அத்தனை உழைப்பும் ஒரு சொட்டு வெள்ளி.

பிழைத்த பூ ஒடிசி நடனமணியின் இடுப்பில் பெங்கபட்டியாவாக ஏறலாம், குங்குமச் சிமிழாகலாம். ஆனால் என்றாவது பழைய நகையாக விற்பனைக்கு வந்தால் தராசு எடையை மட்டுமே கேட்கும். கம்பிக்குக் கம்பி விட்ட இடைவெளியில்தான் செய்கூலி முழுவதும் இருக்கிறது. இடைவெளிக்கு எடை ஏது? பூ மறுபடி மூசைக்குப் போகிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2024இல் கட்டக் தாரகசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். உலைக்குப் போகும் பூவைக் காக்காது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. 1956இல் கட்டக்கின் சௌத்ரி பஜார் துர்க்கா பூஜையில் அம்மனுக்குப் பின்னால் வெள்ளித் தாரகசியாலேயே பின்னணி எழுப்பினார்கள். சாந்தி மேடா என்பார்கள். சாந்தி அங்கே வெள்ளி. பிறகு மற்றப் பந்தல்களும் தொடர்ந்தன. பூஜை முடிந்ததும் களிமண் அம்மன் காட்டஜோடிக் கரைக்குப் போகிறாள். வெள்ளி பெட்டகத்துக்குத் திரும்புகிறது. அடுத்த தசராவுக்கு முன் கறுத்த இதழ்களைத் துலக்க மறுபடி தாரகசிக்காரர்தான் வர வேண்டும்.