'ஸ்கின் கலர்' பென்சிலுக்கு முன்: எல்லைக் கிராமங்களிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

முகம் வரைந்து வண்ணப் பென்சிலால் நிறமிடத் தொடங்கும் மாணவர், பெட்டியில் முதலில் தேடுவது 'ஸ்கின் கலர்' எனப்படும் வெளிர் இளஞ்சிவப்பை. அமெரிக்காவின் கிரையோலா நிறுவனம், 'சதை' என்று பொருள்படும் பெயரில் விற்றுவந்த இத்தகைய நிறத்திற்கு 1962இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. நம் வகுப்பறைகளில் பழைய பெயர் இன்னும் புழங்குகிறது. பெரும்பாலான மாணவரின் முகம் அந்த நிறத்தில் இல்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்கள் இரண்டு ஓவிய மரபுகளுக்கு நடுவில் அமைந்தவை. தெற்கே, பழைய திருவிதாங்கூரின் தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. 1956 மாநிலச் சீரமைப்பில் கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது.

அச்சுவரோவிய மரபில் முகத்தின் நிறம் தோலைக் குறிப்பதன்று; குணத்தைக் குறிப்பது. சாத்துவிகத்திற்குப் பச்சை, கதகளியின் பச்சை வேடமும் இதற்கு உறவானது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் இக்கலையின் இலக்கண நூல். கோட்டுருவம், வண்ணம், நிழல், இறுதிக்கோடு என வேலை படிப்படியாக நடக்கும். மஞ்சள் முதலில், கருமை இறுதியில். நிழலிடும் 'வர்த்தனை' மூவகையென விஷ்ணுதர்மோத்தரம் வகுக்கிறது: இலைவடிவக் கோடு, மிக நுண்ணிய கோடு, புள்ளி. பென்சில் முனைக்கு இவை மூன்றுமே இயல்பாக வரும்.

வடக்கே, திருவனந்தபுரத்து அரசவை. 1862இல் பதினான்கு வயதில் அங்கு வந்த ரவிவர்மாவுக்குத் தைலவண்ண நுட்பத்தைக் கற்பிக்க மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கற்பித்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் வந்த தியோடர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். இப்படி அரிதாய்க் கைவந்த நுட்பத்தால் முகம் உயிருள்ள தோலாயிற்று. 1894இல் தொடங்கிய அவருடைய அச்சகமோ, வெளிர்நிறத் தேவியர் முகங்களை எளிய வீடுகளின் சுவர்களுக்கும் கொண்டுசேர்த்தது. முகம் என்றால் வெளிர்நிறம் என்ற பழக்கத்தின் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது என்பது என் கருத்து.

இரு மரபுகளும் தொடக்கநிலையாளர்க்குச் சொல்வது ஒன்றே: முகம் ஒரே நிறத்தால் ஆவதன்று. பென்சிலின் மெழுகுப்பூச்சு அடிநிறத்தை ஓரளவு வெளிக்காட்டும். ஆகவே அழுத்தாமல் வெளிர்மஞ்சளில் தொடங்கி, காவி, செம்பழுப்பு, அடர்பழுப்பு என அடுக்குக. கன்னத்திலும் உதட்டிலும் சிவப்பைச் சிறிதே சேர்க்க. நிழலுக்குக் கறுப்பைத் தவிர்த்துக் கருநீலமோ அடர்பச்சையோ கலக்க. ஒளிபடும் இடத்தில் தாளின் வெண்மையை விட்டுவைக்க.

எல்லையின் இருபுறத்து ஓவிய ஆசிரியர்களும் 'ஸ்கின் கலர்' என்ற பெயரைக் கைவிடலாம். அந்தப் பென்சிலைக் கைவிட வேண்டியதில்லை. பல அடுக்குகளுள் ஒன்றாக அதுவும் இருக்கட்டும்.