எதிர்ச்சின்னமும் மாற்றுச்சின்னமும்: அந்தமான் நினைவிடங்களை முன்வைத்து ஒரு கலைச்சொல் ஆய்வு

போருக்குப் பிந்தைய செருமானியச் சிற்பக்கலையில் தோன்றிய ஒரு போக்கினை ஜேம்ஸ் யங் 1992இல் 'கவுண்டர் மானுமெண்ட்' என்னும் சொல்லால் விளக்கினார். அதனை 'எதிர்ச்சின்னம்' எனப் பெயர்ப்பது எளிது. அது எதனை எதிர்க்கிறது என்பதே வினா. ஹாம்பர்க் நகரின் ஹார்பர்க் பகுதியில் யோஹன் கெர்ஸ், எஸ்தர் ஷாலேவ் கெர்ஸ் இருவரும் 1986இல் ஈயத்தகடு போர்த்திய 12 மீட்டர் உயரத் தூணொன்றை நிறுவினர். பாசிசத்திற்கு எதிராகத் தம் பெயரை அதில் பொறிக்குமாறு மக்கள் அழைக்கப்பட்டனர். எழுத்துகள் நிறைய நிறையத் தூண் மண்ணுள் இறக்கப்பட்டு, 1993இல் முற்றும் மறைந்தது. (சிலர் நாசிக் குறிகளையும் கீறினர்; அவையும் உடன் மறைந்தன.) ஆக, எதிர்க்கப்பட்டது நினைவு அன்று, மக்களுக்குப் பதிலாகத் தானே நினைவுகூர்ந்து நிற்கும் சின்னத்தின் வடிவமே ஆகும்.

தொல்காப்பியம் கூறும் நடுகல் மரபு காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடிவது. எனவே 'நடுகல்' என்பதன் அடிப்படையில் இக்கலைச்சொல்லை ஆக்குதல் பொருந்தாது.

இவ்வேறுபாட்டைக் கருதாத பெயர்ப்பு இடறும் இடத்திற்குப் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தக்க சான்றாகும். 1859 மே மாதம் ஆங்கிலேயரின் கைதிகள் குடியேற்றத்தைத் தாக்கிய பெரிய அந்தமானியர் அபர்டீன் போரில் தோல்வியுற்றனர். அவர்களுக்கு அந்நகரின் நீர் விளையாட்டு வளாகத்தில் நினைவுத்தூண் உண்டு. வென்ற பேரரசை விடுத்துத் தோற்றோரைப் போற்றுவதால் அதனை 'எதிர்ச்சின்னம்' எனக் கூறத் தோன்றும். ஆயினும் வடிவால் அது மரபுச்சின்னமே. போற்றப்படுவோர் மட்டுமே மாறியுள்ளனர். அதனை 'மாற்றுச்சின்னம்' என்றல் தகும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கின், அம்மக்களுக்குரிய கடன் தூணோடு தீர்ந்தது என்னும் பொருள் தோன்றிவிடும். தூணில் பொறித்த வாசகம் அவர்தம் மொழியில் இல்லை. 1901 கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த அவ்வினத்தார் 1961இல் 19 பேரே. அவர்தம் மொழிகளுள் ஒன்றாகிய 'போ' மொழியின் இறுதிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார்.

அதே நகரின் செல்லுலார் சிறை மற்றொரு சிக்கலை எழுப்புகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட ஏழு கிளைக் கட்டடங்களுள் இன்று எஞ்சியவை மூன்று. இடிக்கப்பட்டவை இருந்த நிலப்பகுதியில் 1963 முதல் மருத்துவமனை இயங்குகிறது. 1979இல் தேசிய நினைவகமாக்கப்பட்டவை எஞ்சிய பகுதிகளே. நடுக் கோபுரத்தில் நிற்பவர் இல்லாத கிளைகளையும் எண்ணாமல் இரார். வடிவின் இன்மையே நினைவூட்டுவதால் இது ஹார்பர்க் தூணுக்கு நெருங்கியது. எனினும் எவரும் கருதி அமைக்காத இதனை 'எதிர்ச்சின்னம்' என்பது மிகையென்றே கருதுகிறேன். 'வெற்றிடம்' என்னும் பழகிய சொல் போதும்.