ஜூலியா சைல்ட்: 37 வயதில் சமையல் கற்ற தொலைக்காட்சி நட்சத்திரம்

சமையலில் பேர் எடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போது "அவருக்கு அது பிறவியிலேயே வந்த கைமணம்" என்று சொல்வது வழக்கம். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தொலைக்காட்சிச் சமையல் கலைஞரான ஜூலியா சைல்டுக்கு அப்படி எந்தக் கைமணமும் இருக்கவில்லை. முறையாகச் சமைக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது அவருக்கு வயது 37. முதல் புத்தகம் வந்தபோது 49. தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது 50. அவர் அடைந்த வெற்றிக்கே இந்தத் தாமதம்தான் முக்கியக் காரணம் என்றால் மிகையில்லை.

கண்டியில் ஒரு சந்திப்பு

ஜூலியா மெக்வில்லியம்ஸ் 1912 ஆகஸ்ட் 15 அன்று கலிபோர்னியாவின் பசடீனா நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்ததால் அவர் சமையற்கட்டுப் பக்கம் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. 1934-இல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெண்கள் படைப்பிரிவில் சேர விரும்பினார். ஆனால் அவரது உயரம் 6 அடி 2 அங்குலம். அளவுக்கு மீறிய உயரம் என்று மறுத்துவிட்டார்கள். பிறகு அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.-இல் வேலை கிடைத்தது. கடலில் சுறாக்களை விரட்டும் மருந்து ஒன்றை உருவாக்கும் பிரிவில் சில காலம் பணியாற்றினார். அவர் பங்கு கொண்ட முதல் 'செய்முறை' அதுதான் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1944-இல் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நேசநாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் அப்போது கண்டியில் இயங்கியது. அங்கே இரகசிய ஆவணங்களைப் பதிவு செய்து பாதுகாக்கும் பிரிவுக்கு அவர் பொறுப்பாக இருந்தார். அதே இடத்தில் வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரிக்கும் பணியில் இருந்தவர் பால் சைல்ட். ஜூலியாவை விடப் பத்து வயது மூத்தவர். ஓவியம், புகைப்படம், கவிதை, நல்ல சாப்பாடு எல்லாவற்றிலும் நாட்டம் உள்ளவர். நட்பு காதலாகி, 1946 செப்டம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

தேர்வில் தோல்வி

1948-இல் பாலுக்குப் பாரிஸில் அமெரிக்க அரசுப் பணி கிடைத்தது. கப்பலில் இருந்து இறங்கிப் பாரிஸ் போகும் வழியில் ரூவான் நகரில் உள்ள பழைய உணவகம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்டார்கள். வெண்ணெயில் பொரித்த மீன், மிக எளிமையான பண்டம். அந்த ஒரு வேளைச் சாப்பாடு தன் வாழ்க்கையையே திருப்பிப் போட்டதாக ஜூலியா பலமுறை சொல்லியிருக்கிறார்.

1949-இல் பாரிஸின் புகழ்பெற்ற 'கோர்தோன் ப்ளூ' சமையல் பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள். இரவு பகலாகப் பயிற்சி செய்தார். ஆனால் இறுதித் தேர்வில் முதல் தடவை தோற்றுப்போனார். கடினமான பதார்த்தங்களுக்கெல்லாம் தயாராகப் போனவர், பள்ளியின் ஆரம்பப் பாடப் புத்தகத்தில் இருந்த சாதாரணப் பண்டங்களின் அளவுகளை மறந்துவிட்டார்! மீண்டும் எழுதி 1951-இல் சான்றிதழ் வாங்கினார்.

ஏறக்குறைய பத்து ஆண்டுப் புத்தகம்

சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் அமெரிக்கர்களுக்காக ஒரு சமையல் நூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூலியாவும் அதில் சேர்ந்தார். மூவரும் பாரிஸில் ஒரு சிறிய சமையல் வகுப்பும் நடத்தினார்கள்.

ஜூலியா ஒவ்வொரு செய்முறையையும் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்தார். அமெரிக்க மாவு பிரெஞ்சு மாவைப் போல நடந்துகொள்ளாது. வெண்ணெய், இறைச்சித் துண்டு, அடுப்பு எல்லாமே வேறு. எனவே அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பொருளை வைத்தே எல்லாம் சரியாக வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இதற்கிடையே பாலின் வேலை மார்செய், ஜெர்மனி, வாஷிங்டன், ஒஸ்லோ என்று மாறிக்கொண்டே இருந்தது. கம்யூனிச பயம் தலைவிரித்தாடிய 1955-இல் பால் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டாலும் அந்தக் காயம் அவர் மனதில் தங்கிவிட்டது. இவ்வளவுக்கு நடுவிலும் கடிதங்கள் மூலமாகவே புத்தக வேலை தொடர்ந்தது.

முதலில் ஒப்பந்தம் செய்த பதிப்பகம், இவ்வளவு பெரிய நூலை இல்லத்தரசிகள் வாங்க மாட்டார்கள் என்று கைவிரித்தது. நாஃப் பதிப்பகத்தின் இளம் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸ் கைப்பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்துப் பார்த்தார். சொன்னபடியே வந்தது. 1961-இல் நூல் வெளியானது.

ஒரு ஆம்லெட்டும் ஒரு தொடரும்

1962-இல் பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.ஜி.பி.எச்.-இல் நூல் அறிமுக நிகழ்ச்சிக்கு ஜூலியாவை அழைத்திருந்தார்கள். அவர் சும்மா பேசிவிட்டுப் போகவில்லை. சிறிய மின் அடுப்பு, வாணலி, முட்டைகளோடு போய், கேமரா முன்னாலேயே ஆம்லெட் போட்டுக் காட்டினார். நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அதன் விளைவாக 1963 பிப்ரவரி 11 அன்று 'தி பிரெஞ்ச் செஃப்' தொடங்கியது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமைத்த முதல் ஆள் அவரல்ல. 1946-லேயே ஜேம்ஸ் பியர்ட் சமைத்துக் காட்டியிருக்கிறார். பிறகு ஜூலியாவிடம் என்ன புதுமை?

நிகழ்ச்சி இடைவெட்டு இல்லாமல் தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட்டது. பதிவை வெட்டி ஒட்டுவது அன்று செலவு மிக்க வேலை. எனவே தவறு நேர்ந்தால் அப்படியே ஒளிபரப்பாகும். ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் போட்டுத் திருப்பும்போது பாதி அடுப்பின் மேல் விழுந்தது. ஜூலியா அதைக் கூட்டி எடுத்து வாணலியில் சேர்த்தார். திருப்பும்போது தான் துணிவாகச் செய்யவில்லை என்று காரணத்தையும் சொன்னார். சமையற்கட்டில் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேற்றவும் செய்தார். வருடங்கள் போகப் போக இந்தச் சம்பவம் கைகால் முளைத்து, அவர் முழுக் கோழியையே தரையில் போட்டுவிட்டார் என்ற கட்டுக்கதையாக மாறியது!

உறைய வைத்த உணவுப் பொட்டலங்களும் டப்பா சூப்பும் அமெரிக்க வீடுகளை ஆக்கிரமித்திருந்த காலம் அது. சமையல் என்பது தொல்லை, சீக்கிரம் தப்பித்துக்கொள்ளுங்கள் என்பதே விளம்பரங்களின் செய்தி. சமையல் சந்தோஷமான வேலை, தவறினாலும் சரிசெய்யலாம் என்று ஜூலியா சொன்னார். தேர்வில் தோற்ற அனுபவம் உள்ளவர் சொன்னதால் மக்கள் நம்பினார்கள்.

1973 வரை நடந்த இத்தொடரில் சுமார் 200 நிகழ்ச்சிகள். பீபாடி விருதும், 1966-இல் எம்மி விருதும் கிடைத்தன. திரைக்குப் பின்னால் பால் பாத்திரம் கழுவினார், சாமான் சுமந்தார், குறிப்பட்டை பிடித்தார். மனைவியின் புகழைப் பார்த்து மனம் சுருங்காத கணவர் அவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விமர்சனமும் விடையும்

புகழோடு விமர்சனமும் வந்தது. 1980-களில் கொழுப்பைப் பற்றிய அச்சம் பரவியபோது அவரது வெண்ணெயும் கிரீமும் கண்டனத்துக்கு உள்ளாயின. எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடுங்கள், உணவைக் கண்டு பயப்படாதீர்கள் என்பதே அவரது பதில். 1978-இல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி அவரை நையாண்டி செய்தபோது கோபப்படாமல் ரசித்துச் சிரித்தார். அதே நேரத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். எந்த நிறுவனத்தின் பொருளையும் பரிந்துரைத்து விளம்பரத்தில் நடிக்க அவர் சம்மதிக்கவில்லை. பாடம் சொல்பவர் ஒரு பாத்திரத்தைப் புகழ்ந்தால், அது காசுக்காகவா என்ற சந்தேகம் மாணவருக்கு வரக்கூடாது அல்லவா?

1994-இல் பால் காலமானார். அதன் பிறகும் 80 வயதைத் தாண்டிய ஜூலியா ஓயவில்லை. 1999-இல் ழாக் பெபானுடன் இணைந்து தொடர் நடத்தினார். கேம்பிரிட்ஜ் வீட்டில், அவரது உயரத்துக்கு ஏற்ப மேடைகளைப் பால் உயர்த்தி அமைத்த சமையலறையை 2001-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2003-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. 2004 ஆகஸ்ட் 13 அன்று, 92-வது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு மறைந்தார். 2009-இல் வெளியான 'ஜூலி அண்ட் ஜூலியா' படத்தில் மெரில் ஸ்ட்ரீப் அவராக நடித்தார்.

இன்று சமையல் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் போட்டிகளாகிவிட்டன. கடிகாரம் ஓடுகிறது, நடுவர்கள் முறைக்கிறார்கள், தவறு செய்தவர் அழுதுகொண்டே வெளியேறுகிறார். ஜூலியாவின் சமையலறையில் தவறு செய்தவர் வெளியேற வேண்டியதில்லை. சிதறியதைக் கூட்டி எடுத்து வாணலியில் சேர்த்துவிட்டு, அடுத்த தடவை இன்னும் துணிவாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.