அறிவித்தவர் யார், கேட்டவர் யார்? பாலக்காடு, இடுக்கி எல்லைக் காடுகளின் ஆவணங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 21 ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு நிலப்பகுதியைச் சரணாலயமாக்கும் எண்ணத்தை அரசு அறிவித்த பின்னர், மாவட்ட ஆட்சியர் அந்த அறிவிப்பை அப்பகுதியிலும் அதனைச் சூழ்ந்தும் உள்ள ஒவ்வோர் ஊரிலும் வட்டார மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்நிலத்தில் உரிமை உடையவர் இரண்டு மாதங்களுக்குள் தம் கோரிக்கையை எழுத்து வடிவில் அளிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் காடு மக்களிடம் பேசத் தொடங்கும் இடம் இதுவே. ஆய்வாளரின் முதல் கேள்வியும் இங்கிருந்தே எழுகிறது. மறையூரில் வட்டார மொழி எது? வட்டவடையில் எது?

கேரள அரசைப் பொறுத்தவரை விடை மலையாளம். ஆயினும் தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலும், அஞ்சுநாட்டுக் கிராமங்களிலும், சிற்றூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களிலும் வீட்டு மொழியாகவும் சந்தை மொழியாகவும் புழங்குவது தமிழ். முதுவர் குடிகளில் பேசப்படும் மொழியும் தமிழை ஒட்டியது. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரின் மொழிகள் உள்ளன. இந்நிலத்தில் வனத்துறை பொதுமக்களிடம் பேசிய வரலாற்றை எழுத முனைவோர், எத்தனை துண்டறிக்கைகள் அச்சிடப்பட்டன என்பதோடு, அவற்றை வாசிக்கக் கூடியவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டியவர்களாகிறார்கள்.

இக்கேள்விக்கான ஆவணங்கள் ஓரிடத்தில் இல்லை. 1956 நவம்பர் 1 க்கு முன்னர் இக்காடுகள் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. அமைதிப் பள்ளத்தாக்கும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் பழைய கோப்புகளைத் தேடுவோர் எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்கும் கோழிக்கோட்டிற்கும் செல்கின்றனர். பரம்பிக்குளம் கொச்சி அரசின் காடு. சாலக்குடியிலிருந்து அங்கு தேக்கும் ஈட்டியும் ஏற்றிவரச் சென்ற டிராம் பாதை 1963 வரை இயங்கியது. மூணாறும் தேக்கடியும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மூன்று ஆட்சிகளின் கோப்புகளிலும் காடு என்பது பெரும்பாலும் மரம், வருவாய், எல்லைக்கல் என்பனவாகவே தோன்றுகிறது. காட்டில் வாழ்வோரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டு என்ற எண்ணம் அவற்றில் அரிது. மக்களுக்குச் சென்றவை தடைகளும் தண்டனைகளுமே.

உயர்மலைப் பகுதியில் இதற்கு ஒரு விசித்திரமான துணைக்கதை உண்டு. இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா, அக்காலத்தில் கண்ணன் தேவன் தேயிலை நிறுவனத்தைச் சார்ந்த ஐரோப்பியர்களின் வேட்டைக்காடு. அவர்கள் அமைத்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் விதிகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டது. வரையாடுகளைக் காவல் காத்தவர்களோ முதுவர்கள். 1971 ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைநிலங்கள் மீட்புச் சட்டத்திற்குப் பின்னர், இரவிகுளம் 1975 இல் சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வரையாடு பிழைத்ததில் சங்கத்தின் பங்கு பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. விதிப்புத்தகத்தை ஒரு வரியும் வாசிக்காமல் அதனை நடைமுறைப்படுத்திய காவலர்களின் சொல் எந்தக் கோப்பிலும் எளிதில் அகப்படுவதில்லை.

நாம் இன்று 'விழிப்புணர்வு' என்று அழைக்கும் பணி கேரளத்தில் வலுப்பெற்றது அமைதிப் பள்ளத்தாக்கு விவாதத்தின்போது. குந்திப்புழையின் குறுக்கே மின்திட்டம் வேண்டுமா என்ற கேள்வியைக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. 1979 இல் அத்திட்டத்தைப் பற்றிய மதிப்பீட்டையும் வெளியிட்டது. சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் அதனைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தனர். 1984 இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார். அரசின் திட்டம் ஒன்றை எதிர்த்து மக்கள் உருவாக்கிய பரப்புரை முறைகளைப் பிற்காலத்தில் அரசுத் துறையே கைக்கொண்டது என்பது என் வாசிப்பு. இயற்கை முகாம்கள், பள்ளி மாணவர் வகுப்புகள், அக்டோபர் முதல் வாரத்து வனவிலங்கு வார விழாக்கள், 'ஆரண்யம்' என்னும் துறை இதழ் ஆகியவை மலையாளம் வாசிக்கும் தலைமுறை ஒன்றிற்குக் காட்டின் மீது உண்மையான பற்றை ஊட்டின. அதனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் அவற்றின் முதன்மை வாசகர் சமவெளியின் மாணவர். காட்டின் விளிம்பில் தமிழ் பேசி வாழ்பவர் அவ்வாசகர் வட்டத்தின் நடுவில் இருக்கவில்லை.

சட்டம் அவரை முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்கிறது. ஆனால் அது எழுதுபவருக்கான உரிமை. அறிவிப்பே தன்னை எட்டாத ஒருவர் எதைக் குறித்து எழுதுவார்?

இக்கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை வட்டவடையும் கொட்டக்கம்பூரும் காட்டுகின்றன. 2006 இல் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டில், இவ்விரு கிராமங்களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் நிலத்தைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக்கும் அறிவிப்பு வெளியானது. யூகலிப்டசுத் தோட்டங்களும் பட்டா ஐயப்பாடுகளும் பெருநில ஆக்கிரமிப்புக் குற்றச்சாட்டுகளும் நிறைந்த நிலம் அது. தலைமுறைகளாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வரும் தமிழ் உழவர்களின் நிலமும் அதற்குள் கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2018 இல் குறிஞ்சி மறுபடியும் பூத்தபோதும் எல்லை எது, உரிமை எவருக்கு என்ற சர்ச்சை ஓயவில்லை. போலிப் பட்டாவை வைத்திருந்தவருக்கு வழக்கறிஞர் இருந்தார். உண்மையான உழவரிடம் இருந்தது நினைவும் பழைய ரசீதும்தான். இரண்டு மாதக் கெடுவும் எழுத்து வடிவக் கோரிக்கையும் இவ்விருவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

மாற்று எடுத்துக்காட்டுகளும் இதே எல்லையில்தான் உள்ளன. 1996 முதல் 2004 வரை உலக வங்கியின் துணையுடன் இந்தியாவின் ஏழு காப்பிடங்களில் நடந்த சூழல்மேம்பாட்டுத் திட்டத்தில் பெரியாறும் ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய குமுளியில், வயனை மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்கள் பிடிபட்டபோது, அவர்களை வழக்கோடு விட்டுவிடாமல் ஒரு குழுவாக்கி வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் துறை மாற்றியது. காட்டின் கள்ளப் பாதைகளை அறிந்தவரே காட்டைப் பற்றிப் பயணிகளிடம் பேசும் நிலை வந்தது. சின்னாரில் முதுவரும் மலைப்புலையரும் அவ்வாறே வழிகாட்டிகளாயினர். மறையூரில் 'சில்லா' என்னும் ஏலச் சந்தை, மலைக்குடிகளின் விளைபொருளுக்கு இடைத்தரகரற்ற விலையைத் தேடித் தந்தது. இவற்றில் வெற்றி பெற்றது மொழிபெயர்ப்பு அன்று. நேற்றுவரை கேட்பவராக மட்டும் இருந்தவர் பேசுபவராக மாறினார்.

அம்மாற்றம் இல்லாதபோது நேர்வதை அண்மைக் காலம் உணர்த்தியது. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை, கழுத்துப்பட்டைக் கருவியோடு பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றது. யானைக்கு மாநில எல்லை இல்லை. அதனைப் பற்றிய எச்சரிக்கைக்கு இருந்தது. இதே மலைத்தொடரில் வால்பாறையில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் யானையின் இருப்பிடத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாகத் தோட்டத் தொழிலாளரின் கைப்பேசிக்கு அனுப்பியும், சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை அமைத்தும் உயிர்களைக் காத்துள்ளனர். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, புரியும் மொழியில் வரும் ஒரு வரிக்கும் உயிருக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு.

ஆவணக் காப்பகம் எத்தனை முகாம், எத்தனை விழா, எத்தனை பிரதி என்று பேசியவரின் கணக்கைப் பாதுகாக்கிறது. கேட்டவரின் மறுமொழி மனுக்களிலும், ஊராட்சித் தீர்மானங்களிலும், தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டிக் கிழிந்த தாள்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதனைச் சேர்க்காமல் எழுதப்படும் வரலாறு, துறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட குறிப்பாகவே எஞ்சும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி, கொழிஞ்சாம்பாறை, அகளி ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய வனத்துறை அறிவிப்புகளையும், அவற்றுக்குப் பெரியவர்கள் எழுதிய மனுக்களின் படிகளையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தேதி தெரியுமாறு படம் எடுத்து வையுங்கள். எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். நிலத்திற்கு ரசீது வைத்திருந்ததைப் போல, நமக்குச் சொல்லப்பட்டதற்கும் நாம் சொன்னதற்கும் ரசீது வைத்திருக்க வேண்டிய காலம் இது.