மின்னஞ்சல் அமைப்பும் 25, 587, 465 கதையும்

பொட்டி தட்டப் புனே வந்தவர்களுக்கு இந்தப் படிவம் ரொம்பப் பழக்கம். வலைச்செயலி மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால் வழங்கியின் பெயர், போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல், மறையாக்கம், அனுப்புநர் முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். புதுசாகச் சேரும் பசங்க "எதுக்குண்ணே இத்தனை?" என்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு காலத்தில் உடைந்துபோன நம்பிக்கையின் தழும்புங்க.

1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் கடவுச்சொல்லுக்கே இடம் கிடையாது. அப்போது வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஊருக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்துவிடுகிற மாதிரி, யார் கொடுத்த மடலையும் வாங்கி அடுத்த வழங்கிக்குக் கைமாற்றிவிடுவார்கள். எல்லாமே 25-ஆம் போர்ட் வழியாக.

1990-களில் இணையம் வியாபாரத்துக்குத் திறந்ததும் எரிதம் பெருகியது. முன்பின் தெரியாதவர்கள் அடுத்தவர் வழங்கி வழியே குப்பையை அனுப்பினார்கள். திறந்த கதவுகளைச் சாத்த வேண்டியதாயிற்று. 1998 டிசம்பரில், மடலை ஒப்படைக்க மட்டும் 587 என்று தனி வாசல் வைத்தார்கள். கடவுச்சொல் கேட்கும் முறை 1999 மார்ச்சில் வரையறையானது. வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ள 25 நின்றது. உங்கள் செயலி 25-இல் அனுப்ப முயன்று பல இடங்களில் முட்டி நிற்பதற்குக் காரணம் இந்தக் கதைதான்.

465-இன் கதை இன்னும் வேடிக்கை. 1997-இல் மறையாக்கத்துக்கென்று கொடுத்து, அடுத்த வருடமே பிடுங்கி, 2018-இல் திரும்பக் கூப்பிட்டார்கள். 465-இல் முதல் சொல்லிலிருந்தே பூட்டு. 587-இல் பேச ஆரம்பித்த பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லிப் பூட்ட வேண்டும். மாற்றிப் போட்டால் இணைப்பே கிடைக்காது.

மிச்சமிருந்தது அனுப்புநர் முகவரி. அதில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்ததால், எஸ்பிஎஃப் 2006-இலும், டிகேஐஎம் 2007-இலும், டிமார்க் 2015-இலும் ஆவணங்களாக வந்தன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம்.

இதையெல்லாம் சரியாக நிரப்பினாலும் ஒன்றை மறக்காதீங்க. எதிர்முனை வழங்கி 250 என்று பதில் சொன்னால் "வாங்கிக்கொண்டேன்" என்றுதான் அர்த்தம். எரிதப் பெட்டியில் போட்டாலும் அதே 250 தான். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே கிடந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, காத்திருப்பவருக்கும் தெரியாது. அதனால் பதிவேட்டைப் பார்த்துத் திருப்திப்படாமல், நாலு வேறு வேறு பெட்டிகளுக்கு அனுப்பி, திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.