கணினியை அளந்த மரைக்கால்கள்

நெல்லை மரைக்காலால் அளந்து பழகிய மண் எமது கல்முனைக் கரையோரம். அளப்பவர் தலைதட்டி அளக்கிறாரா, கூம்பாக விடுகிறாரா என்று எமது விவசாயிகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். கணினி என்று வந்தபோது மாத்திரம் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை நாம் எதிர்க்கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம். அந்த எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

கணினியின் திறனை அளப்பதற்கென்றே எழுதப்பட்ட ஆரம்பகால நிரல்களுள் ஒன்று ‘வெட்ஸ்டோன்’. 1972இல் பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் உருவான இது, தசமப் புள்ளிக் கணக்குகளின் வேகத்தை அளந்தது. முழு எண்களையும் எழுத்துத் தொடர்களையும் கையாளும் வேகத்தை அளக்க, 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் ‘டிரைஸ்டோன்’ நிரலை எழுதினார்.

அளவுகோல் பிரபலமானதும் வியாபாரம் அதனைப் பின்தொடர்ந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி, விடை தேவைப்படாத கணக்குகளைத் தவிர்த்துவிட்டாலே டிரைஸ்டோன் எண் உயர்ந்துவிடும். இதற்குப் பரிகாரமாக, நடைமுறை நிரல்களைக் கொண்டு சோதிக்கும் ‘ஸ்பெக்’ அமைப்பு 1988இல் தோன்றியது. அதன் முதல் தொகுதியிலும் ‘மேட்ரிக்ஸ்300’ என்ற சோதனை பலவீனமாக அமைந்தது. ஐபிஎம் பவர்ஸ்டேஷன் 550 கணினியில் தொகுப்பியை மாத்திரம் மாற்றியபோது, அச்சோதனையின் மதிப்பு ஏறத்தாழ 9 மடங்காயிற்று. இயந்திரத்தில் ஓர் ஆணியும் மாறவில்லை. 1992ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சோதனை கைவிடப்பட்டது.

வேலையை முன்வைத்துக் கணினி அமைத்தவர்களும் இருந்தார்கள். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், அணுத்துகள்களிடையேயான விசையைக் கணிப்பதற்காக ‘கப்ரு’ என்ற கணினித் தொகுதியை அமைத்தது. இரட்டைச் சீயோன் செயலிகள் கொண்ட 144 கணினிகளின் கூட்டு அது. 2004இல் உலகின் ‘டாப்500’ பட்டியலிலும் இடம்பிடித்தது. 1993 முதல் வெளிவரும் அப்பட்டியல், ‘லின்பேக்’ என்ற சமன்பாட்டுச் சோதனையைக் கொண்டு தரப்படுத்துகிறது.

அக்காலத்தில் கல்முனைக் கடைகளில் நான் அடிக்கடி கேட்ட கேள்வி, “எத்தனை மெகாஹேர்ட்ஸ்?” என்பதே. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். 2000 நவம்பரில் வெளியான 1.4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4, பல நாளாந்த வேலைகளில் 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐ விஞ்சவில்லை. மறு ஆண்டில் ஏஎம்டி நிறுவனம், 1533 மெகாஹேர்ட்ஸில் இயங்கிய தனது அத்லன் எக்ஸ்பி செயலிக்கு ‘1800+’ என்று பெயர் சூட்டியது. எண்ணே பெயராகிவிட்டது!

தமிழில் செய்தி எழுதும் எனக்கு வேறொரு சோதனை அவசியமாயிற்று. விண்டோஸ் 98 யூனிகோட் தமிழ் வசதியின்றி வந்தது; விண்டோஸ் 2000இல் அவ்வசதி இருந்தது. எந்த மெகாஹேர்ட்ஸும் இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை.

இன்றும் எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் பெற்றோரிடம் திரட்டிய பணத்தில் கணினி வாங்குகின்றன. கொள்வனவுக்கு முன்னர், ஆசிரியர் ஒருவர் தமது பாடக் கோப்பையும் மாணவர் புள்ளிப் பட்டியலையும் கடைக்குக் கொண்டு சென்று, அவற்றைத் திறந்து, திருத்தி, அச்சிட்டுப் பார்த்து, எடுக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு கணினிகளில் அதே வேலையைச் செய்து பார்த்தால் போதும். ஏழைப் பெற்றோரின் பணத்துக்கு அந்த அரைமணி நேரப் பொறுப்பையாவது நாம் காட்ட வேண்டாமா?